அப்பா தட்டிப் பார்த்த செட்டிநாடு

வீட்டுக்குத் தரைக்கல் பார்க்கத்தான் போனோம். விருத்தாசலத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கூடத்துக்கு, சிமெண்டில் கையால் வார்க்கும் ஆத்தங்குடிக் கல் போட வேண்டும் என்பது என் ஆசை. "சூளைக்குப் போகாத கல்லை நான் நம்பமாட்டேன் பாப்பா. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் அப்பா. அவர் 38 வருடம் எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளில் வேலை பார்த்தவர். ஃபியூஸ் கட்டைகளும் மின்கம்பத்து இன்சுலேட்டர்களும் அவர் விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போகும். நான் பாலிடெக்னிக்கில் பொறியியல் பொருட்கள் பாடம் நடத்துகிறேன். பீங்கானையும் கண்ணாடியையும் வருடந்தோறும் இரண்டு வாரத்தில் முடித்துவிடுவது வழக்கம். இந்த நான்கு நாளுக்குப் பிறகு அப்படி முடிக்க எனக்கு மனம் வராது. அன்றன்றைக்கு எழுதியதைக் கீழே தருகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி: கானாடுகாத்தான்

திருமயம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. அப்பாவின் மடியில் இருந்த ஃப்ளாஸ்க் தரையில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளுக்குள் அமுங்கிய "டொப்", அதைத் தொடர்ந்து சில்லுகள் சரசரவென்று உதிரும் ஓசை. வெளிக்கூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா அதைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். "போய்விட்டது" என்றார்.

அம்மா இருந்த காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஃப்ளாஸ்க் அது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குப்பிகள், நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், அந்த வெற்றிடத்தைப் பார்த்த பக்கங்களில் வெள்ளிப் பூச்சு. 1892-ல் ஜேம்ஸ் டேவார் திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்கச் செய்த அமைப்பு இது. காப்பிக்கு வந்தது பிற்பாடுதான். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்று காற்று அந்த மெல்லிய சுவரை இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு கீறல் விழுந்து பரவிவிட்டால் அழுத்தம் முழுவதும் உள்ளே பாய்ந்துவிடும். குப்பி உள்நோக்கி நொறுங்கிவிடும்.

முன் இருக்கையில் பூக்கூடையோடு வந்த அம்மா, பூ சுற்ற வைத்திருந்த செய்தித்தாளில் பாதியை எடுத்துத் தந்தார். கண்டக்டர் ஒரு சாக்குப்பையை நீட்டி, "காப்பியை ஜன்னல் வழியாக ஊற்றாதீர்கள், பின்னால் வருகிறவர் மேல் சில்லு படும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நிறுத்தத்தில் அவரே இறங்கிக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். அப்பா கண்ணாடியைக் கொட்டிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்கண்ணாடி தனியாகக் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கானாடுகாத்தானில் இறங்கியபோது மணி ஒன்று. தெருவில் ஆளே இல்லை. வெயில் செம்மண்ணில் பட்டு முகத்தில் அடித்தது. நாங்கள் தங்கியது விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீடு. முகப்பு, வளவு என்ற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. சாப்பாடு தலைக்கு 400 ரூபாய். விலையைக் கேட்டு அப்பா முகம் சுளித்தார். வெண்டைக்காய் மண்டி இலைக்கு வந்ததும் சுளிப்பு மறைந்தது. அரிசி கழுவிய நீரில் புளியும் மொச்சையும் சேர்த்துக் கொதித்த அந்தப் புளிப்பு வேறு எந்த ஊர்ச் சமையலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பரிமாறிய ஆச்சி இரண்டாம் முறை கேட்கவே இல்லை, ஊற்றிவிட்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். அப்பாவின் முறை ஒன்றுதான். நடுவிரல் முட்டியால் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், அடுத்ததற்குப் போவார். வளவின் சுவர் பளிங்கு போல வழவழப்பாக, உள்ளங்கைக்குக் குளுமையாக இருந்தது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டையின் வெண்கரு எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதைத் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், சூளையில் விட்ட அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. அப்பா இரண்டு மூன்று இடங்களில் தட்டினார். "பிடிப்பு விடவில்லை. பிடிப்பு விட்டிருந்தால் பறை மாதிரிச் சத்தம் வரும்" என்றார்.

மேற்கு வாசலின் வளைவில் நீலம், பச்சை, சிவப்புக் கண்ணாடிகள். ஐந்து மணி வெயில் அவற்றினூடே இறங்கித் தரையில் விழுந்தது. கண்ணாடிக்கு நிறம் தருவது அதோடு சேர்ந்து உருகிய உலோக ஆக்சைடு. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்கு இரும்பு அல்லது குரோமியம். நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாத அளவு கோபால்ட் போதும், ஆழ்ந்த நீலம் வந்துவிடும்.

சுற்றிக் காட்டிய இளைஞர் பக்கத்து ஜன்னலின் பழைய கண்ணாடியைக் காட்டி, "நூறு வருடத்தில் இது கீழே வழிந்து அடி தடித்துவிட்டது" என்றார். பல ஊர்களில் கேட்ட கதை இது. அறை வெப்பத்தில் ஜன்னல் கண்ணாடி ஓடாது. நூறு வருடம் என்ன, ஆயிரம் வருடமானாலும் கண்ணுக்குத் தெரியும்படி வழியாது. கண்ணாடியின் அணுக்கள் திரவத்தில் இருப்பது போல ஒழுங்கற்று நிற்கின்றன என்பது உண்மை, ஆனால் நின்றுவிட்டன. தடிப்பு மாறுவதும் நெளிவு தெரிவதும் செய்த நாளிலேயே வந்தவை. ஊதியோ இழுத்தோ தகடாக்கிய காலத்துக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். இதைச் சொன்னபோது அவர் சங்கடப்படவில்லை. ஜன்னலருகே போய்த் தலையை அசைத்து அசைத்து, எதிர்வீட்டுத் தூண் நெளிவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவை நிறுத்தி வைத்தது நடையின் மூலையில் இருந்த பழைய மின்பலகை. வெள்ளைப் பீங்கான் அடியில் பித்தளைக் குமிழ் வைத்த உருண்டை சுவிட்சுகள், வரிசையாக நான்கு ஃபியூஸ் கட்டைகள். தூசியை வேட்டி நுனியால் துடைத்தார். பீங்கானின் மேல் படிந்திருக்கும் கண்ணாடி மெருகில் ஒரு வெடிப்பு இல்லை. நல்ல சூளைக்காரர் செய்தது என்றார். இரவு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தன. அப்பா ஐந்து சாப்பிட்டார்.

செப்டம்பர் 13, சனி: ஆத்தங்குடி

ஆட்டோவுக்குப் போகவர 700 ரூபாய். ஓட்டுநர் தம்பி பேசிக்கொண்டே வந்தார். நாங்கள் போன பட்டறை ஓட்டுக் கொட்டகை. அங்கே அடுப்பு இல்லை, சூளை இல்லை, புகை இல்லை. அப்பா வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

தரையில் சம்மணமிட்டு ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு. எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தார். மேலே இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடு வளைத்த அச்சு. சிமெண்டில் நிறப்பொடி கலந்து தயிர்ப் பதத்தில் கரைத்து வைத்திருந்த கிண்ணங்களிலிருந்து, சிறு கரண்டியால் இதழுக்குச் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், மூலைக்குப் பச்சை என்று ஊற்றினார். கரண்டி எந்தக் கட்டத்திலும் விளிம்பைத் தாண்டவில்லை. இரு கையாலும் அச்சைப் பிடித்து நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அப்படியே நின்றன. அதன் மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவினார். பொடி ஈரத்தை உறிஞ்சி நிறத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. கடைசியாக ஈரச் சாந்தை அள்ளிப்போட்டு அழுத்தி மட்டம் செய்து சட்டத்தை எடுத்துவிட்டார். நான் கடிகாரம் பார்த்தேன், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருப்பது கல்லின் முதுகை. முகம் கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. இறுகிய பின் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது.

முடிந்த கல் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். முகத்தில் என் நிழல் தெரிந்தது. மெருகுக்கல் போட்டதில்லை, மெழுகு பூசியதில்லை. கண்ணாடியின் வழவழப்பைச் சிமெண்டு அப்படியே படி எடுத்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்த மட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் நல்ல கண்ணாடித் தகடு வேண்டுமென்றால் இரு பக்கமும் அரைத்துத் தேய்க்க வேண்டும். 1950-களில் இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிடும் முறையை உருவாக்கினார். 1959-ல் அது அறிவிக்கப்பட்டது. திரவ உலோகத்தின் மேற்பரப்பு தானாகவே மட்டமாக நிற்கும், கண்ணாடி அதன் மேல் பரந்து அதே மட்டத்தில் குளிர்கிறது. இன்று உலகத்தின் ஜன்னல் கண்ணாடியில் பெரும்பகுதி அப்படி வருவதுதான். வெள்ளீயத்திடமிருந்து கண்ணாடி வாங்கியதை ஆத்தங்குடியில் சிமெண்டு வாங்கிக்கொள்கிறது. வகுப்பில் மிதவைக் கண்ணாடியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், இந்தக் கொட்டகை நினைவுக்கு வந்ததே இல்லை.

அப்பா ஒரு கல்லை விரல்நுனிகளில் நிறுத்தித் தட்டினார். "தட்" என்றது. சுட்ட பீங்கான் தரும் மணியோசை இல்லை. என்னைப் பார்த்தார்.

"சூளை காணாத கல், பாப்பா."

"கல் காணவில்லை, சிமெண்டு கண்டது அப்பா. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் 1450 டிகிரியில் பாதி உருகிக் கட்டியாகி, அதை அரைத்ததுதான் சிமெண்டு. சூளை வேறு ஊரில் இருக்கிறது."

அவர் அதை யோசித்தார். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் இறுகிய பிறகும் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். பீங்கான் கதை வேறு. வெண்களிமண்ணும், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கற்பொடிகளும் கலந்து 1250 டிகிரிக்கு மேல் போகும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. பாடப்புத்தகம் பீங்கானையும் கண்ணாடியையும் இரண்டு அத்தியாயமாகப் பிரித்தாலும், ஒரு பீங்கான் கோப்பையைக் கட்டிப் பிடித்திருப்பது அதற்குள் இருக்கும் கண்ணாடிதான்.

பட்டறைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்தார், மேலே ஒரு கல்லைப் பாலம் போலக் கிடத்தினார். "இப்படிக் கிடந்தால் நானே மிதித்து உடைத்துவிடுவேன். அடியில் சாந்து நிறைந்து கிடந்தால் மாட்டுவண்டி ஏறினாலும் தாங்கும். உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். அமுக்கத்தில் பலம், வளைவில் பலவீனம். அடியில் வெற்றிடம் இருந்தால் கல் வளையும், அடிப்பக்கம் இழுபடும், அங்கே கீறல் திறக்கும். நான் கரும்பலகையில் அம்புக்குறிகளாகப் போடுகிற பாடத்தை அவர் இரண்டு செங்கல்லில் நடத்தி முடித்துவிட்டார். கழுவ ஆசிட் தொடக்கூடாது, எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்றும் சொன்னார். அமிலம் சிமெண்டைத் தின்னும். சுட்ட ஓட்டுக்கு அந்தப் பயம் இல்லை. விலை சதுர அடி 65 ரூபாய் என்றார். அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் மழை. ஐந்து நிமிடத்தில் சாலை செக்கச்செவேலென்று ஓடியது. ஆட்டோ இரண்டு முறை இருமி நின்றது. தம்பி இருக்கைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பகுதியில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அவர் கவனிக்காமல் துடைத்துத் திரும்ப மாட்டப் போனபோது அப்பா கையை நீட்டி வாங்கினார்.

"விரிசல் விட்டிருக்கிறது தம்பி. மின்சாரம் இந்தக் கோட்டு வழியாகவே ஓடிவிடும், நுனிக்குப் போகாது."

தம்பியிடம் மாற்றுப் பிளக் இருந்தது. வண்டி உடனே கிளம்பியது. பழைய பிளக்கை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வெள்ளை, பீங்கான் போலத் தெரிந்தாலும் அலுமினா. ஏறத்தாழ முழுவதும் அலுமினியம் ஆக்சைடு. தனி அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். கனிமங்களின் கடின அளவுகோலில் வைரத்துக்கு அடுத்த படியில் நிற்கிறது. எஞ்சினுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தீப்பிடிப்பதையும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டிய இடம் அது. சாதாரணப் பீங்கான் அந்த இடத்தில் நிற்காது. "நம் சூளையில் வராத சரக்கு" என்று அப்பா மரியாதையோடு சொன்னார். ஆட்டோவுக்குக் கூடுதலாக 50 ரூபாய் கொடுத்ததைத் தம்பி வாங்க மறுத்தார். "அய்யாதானே கண்டுபிடித்தார்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு: காரைக்குடி

காலையில் இடியாப்பமும் கோசமல்லியும். இரண்டு பேருக்கு 140 ரூபாய். ஃப்ளாஸ்க் உள்கண்ணாடி தேடி ஒவ்வொரு பாத்திரக் கடையாக ஏறினோம். மூன்று கடைகளில் ஸ்டீல் ஃப்ளாஸ்க்கைக் காட்டினார்கள். நான்காவது கடைப் பெரியவர் அப்பா நீட்டிய கூட்டை வாங்கி வாயின் அகலத்தை விரலால் அளந்தார். "அப்படி வாங்குகிறவர்கள் இப்போது இல்லை. மாடியில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும், சாயங்காலம் வாருங்கள்" என்றார்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பாதி பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் பெல்ஜியம் கண்ணாடி, மரத் தூண், ஊறுகாய் ஜாடி, எனாமல் அடுக்கு எல்லாம் கூரைவரை. எனாமல் தூக்கு ஒன்றின் அடியில் ஸ்வீடன் முத்திரை இருந்தது. விலை 1800 ரூபாய். அந்தத் தூக்கின் மேல் இருக்கும் பளபளப்பைப் பலரும் பெயிண்ட் என்று நினைக்கிறார்கள். அது கண்ணாடி. கண்ணாடிப் பொடியை இரும்பின் மேல் பூசி 800 டிகிரி அளவில் உருக்கி ஒட்டவைத்தது. சூட்டில் இரும்பு விரிகிற அளவுக்கு ஏற்றபடி கண்ணாடியின் கலவையையும் அமைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் குளிரும்போதே தெறித்துவிடும். அமிலம் கையாளும் மருந்துத் தொழிற்சாலைகளில் ஆளுயரத்துக்கும் மேலான எஃகுக் கலன்களின் உட்புறம் இதே போலக் கண்ணாடி பூசப்பட்டிருக்கிறது.

ஒரு மூலையில் பழுப்பு மெருகிட்ட பீங்கான் இன்சுலேட்டர் ஒன்று கிடந்தது. கடைக்காரர் அதைப் பேனா செருகும் குவளை என்று விற்கிறார், 350 ரூபாய். அப்பா அதைத் தலைகீழாகத் திருப்பி எனக்குக் காட்டினார். மடிப்பு மடிப்பாக ஏன் பாவாடை வைத்திருக்கிறது தெரியுமா என்றார். எனக்குத் தெரியும், ஆனாலும் அவரைச் சொல்லவிட்டேன். மழை மேலே கொட்டினாலும் மடிப்பின் அடிப்பக்கம் நனையாமல் இருக்கும். மின்சாரம் கம்பியிலிருந்து கம்பத்துக்கு ஊர்ந்து வர வேண்டுமென்றால் அத்தனை மடிப்பையும் ஏறி இறங்க வேண்டும். மெருகு அழகுக்காக மட்டும் பூசியதில்லை. அடியில் இருக்கும் பீங்கான் உடலைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி மெருகைக் கலக்கிறார்கள். சூளை ஆறும்போது உடல் சுருங்கி மெருகை எப்போதும் அமுக்கத்திலேயே வைத்திருக்கும். அமுங்கிய மேற்பரப்பில் கீறல் திறக்காது. பஸ்ஸின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியிலும் இதே சூத்திரம்தான். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்காற்று ஊதினால் மேற்பரப்பு முதலில் இறுகுகிறது, உள்ளே இருப்பது பிறகு சுருங்கி மேற்பரப்பை அமுக்கத்துக்குள் இழுத்து வைக்கிறது. அந்தக் கண்ணாடி உடைந்தால் பொரிகடலை போலப் பொலபொலவென்று உதிரும், குத்தாது.

பிறகு அவர் சாயச் சோதனையைப் பற்றிச் சொன்னார். வீட்டில் ஒருநாளும் பேசாத விஷயம். சூளை பிரித்ததும் சில இன்சுலேட்டர்களை வேண்டுமென்றே உடைத்து, துண்டுகளை ரோஸ் நிறச் சாயத்தில் அழுத்தம் கொடுத்து மணிக்கணக்கில் ஊறவைப்பார்கள். மறுநாள் அந்தத் துண்டை மறுபடி உடைத்துப் பார்க்க வேண்டும். வெட்டுமுகம் வெள்ளையாக இருக்க வேண்டும். ரோஸ் நிறம் ஒரு நூல் அளவு உள்ளே இறங்கியிருந்தாலும் துளை இருக்கிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம். "என் ஆயுளில் மூன்று முறை முழுச் சூளையும் தள்ளுபடியாகியிருக்கிறது. மூன்று முறையும் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை" என்றார். அந்த ராத்திரிகளில் ஒன்றாவது எனக்கு நினைவிருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

மத்தியானம் மின்வேதியியல் ஆய்வகத்தின் வாசலைக் கடந்தோம். 1948-ல் நிறுவி 1953-ல் திறந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த நிறுவனம். முன்அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மின்வேதியியலுக்கும் எங்கள் பாடத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமிலத்தன்மை அளக்கும் கருவியின் நுனியில் இருப்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். யிட்ரியா கலந்த சிர்கோனியா என்னும் பீங்கான், நல்ல சூட்டில் ஆக்சிஜன் அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்களை, தன் வழியாக நடக்கவிடும். இன்றைய கார்களின் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளப்பதும், திட ஆக்சைடு எரிமின்கலத்தில் எரிபொருளிலிருந்து நேரே மின்சாரம் எடுப்பதும் அதனால்தான். மின்சாரத்தைத் தடுப்பதற்கே பீங்கான் என்று வாழ்ந்த அப்பாவுக்கு, மின்னூட்டம் நடந்துபோகும் பீங்கானும் உண்டு என்பது செய்தி. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

சாயங்காலம் பெரியவர் உள்கண்ணாடியை எடுத்து வைத்திருந்தார். தூசி படிந்த அட்டைப்பெட்டி, 180 ரூபாய். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து அடியில் இருக்கும் கூர்முனையைப் பார்த்தார். காற்றை உறிஞ்சி உருக்கி மூடிய இடம் அது, அங்கே தட்டக்கூடாது. அதனால் ஒன்றை மட்டும் தட்டாமல் வாங்கினார்.

செப்டம்பர் 15, திங்கள்: மானாமதுரை

செட்டிநாட்டின் எல்லையைத் தாண்டித்தான் போனோம். காரைக்குடியிலிருந்து ரயிலில் சிவகங்கை வழியாக மானாமதுரை. ஜன்னலுக்கு வெளியே கருவேலமும் வறண்ட கண்மாய்களும். எதிரில் இருந்த குடும்பம் சீப்புச் சீடை கொடுத்தது. மறுக்கப் போன என்னை அந்த வீட்டுப் பாட்டி, "எடுத்துக்கொள் தாயி, இன்னும் ஒரு தூக்கு இருக்கிறது" என்று அதட்டினார்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரி மேடைகளில் வாசிக்கும் கடம் இந்த ஊரில்தான் பேர்பெற்றது. நாங்கள் போன வீட்டில் ஓர் அம்மா, உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் பானையைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதும் திருப்புவதும் ஒரே தாளத்தில். தட்டத் தட்ட மண் நெருங்கி, சுவர் எங்கும் ஒரே கனம் ஆகிறது. கனம் மாறினால் நாதம் கெடும். பேச்சுக்கு நடுவிலும் அந்தக் கை நிற்கவில்லை. எங்கே பலகை படப்போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

சுட்ட கடங்கள் வரிசையாக இருந்தன. அப்பாவுக்கு இது சொந்த ஊர் மாதிரி. முதல் கடத்தை விரலால் தட்டினார், அடுத்தது, அதற்கடுத்தது. ஐந்தாவதில் நின்றார். மறுபடி தட்டினார். "இது சரியில்லை" என்றார். வீட்டுக்காரர் வந்து அதை எடுத்து மடியில் வைத்து இரண்டு பக்கமும் தட்டிக் கேட்டார். "ஆமாம், கழுத்தில் விரிசல் ஓடியிருக்கிறது. காலையில் நானும் ஒதுக்க நினைத்தேன். நீங்கள் எந்த ஊர் ஆள்?" என்றார். அதன் பிறகு அரைமணி நேரம் நான் தேவைப்படவில்லை. எந்தக் கண்மாய் மண், எத்தனை நாள் நிழலில் காயல், எந்த விறகு, ஆறும்வரை சூளையை ஏன் பிரிக்கக்கூடாது என்று இருவரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்ட பக்கம் முதலில் சுருங்கி விரிசல் விடும். கொதிக்கும் பாலை ஊற்றினால் கண்ணாடி டம்ளர் தெறிப்பதும் இதனால்தான். ஆய்வகக் குடுவைகளுக்குப் போரோசிலிகேட் கண்ணாடி வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். ஜன்னல் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும்.

வீட்டுக்கு ஒரு தண்ணீர்ப் பானை எடுத்தோம், 250 ரூபாய். பானை 800 டிகிரி சுற்றில்தான் வேகிறது. உள்ளே எதுவும் உருகிக் கண்ணாடியாவதில்லை, துளைகள் திறந்தே நிற்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளியே ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி பானைக்குள் இருக்கும் தண்ணீரிலிருந்து போகிறது. குளிர்வது அப்படித்தான். தண்ணீர் வடிகட்டும் வெள்ளைக் கேண்டிலும், கார் புகையைச் சுத்தப்படுத்தும் தேன்கூட்டுப் பீங்கானும் துளைகளை வைத்துத்தான் பிழைக்கின்றன. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அப்பா பானையின் வயிற்றில் எச்சில் தொட்ட விரலை வைத்து, ஈரம் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இதை அடைக்கத்தான் சம்பளம் வாங்கினேன்" என்றார்.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் காற்றே இல்லை. புது உள்கண்ணாடியில் கடைக்காரர் காப்பி ஊற்றும் முன், அப்பா கொஞ்சம் வெந்நீர் கேட்டு வாங்கி அதைச் சுழற்றிக் கொட்டினார். பிறகு ஃபோனை எடுத்து ஆத்தங்குடிப் பட்டறைக்குப் பேசினார். கூடத்துக்கு 220 சதுர அடி, உடைசலுக்கு 20 அடி சேர்த்து, சிவப்புப் பூவும் மஞ்சள் நடுவும். கல்லை லாரியில் படுக்க வைக்கக்கூடாது, வைக்கோல் வைத்து நிறுத்தி அடுக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்.

செப்டம்பர் 16, செவ்வாய்: விருத்தாசலம்

விடியற்காலம் வீடு சேர்ந்தோம். பானையைக் கழுவி நிரப்பித் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து வந்தபோது பானையைச் சுற்றி மணல் போட்டிருந்தது. வயிறு முழுக்க முத்து முத்தாக ஈரம். கசிந்து வழிந்த தண்ணீரைப் பிடிக்க அப்பா அடியில் ஒரு பீங்கான் தட்டை வைத்திருந்தார், அவர் சூளையில் செய்த தட்டு.